தகரத்தில் மழை விழும்போது: உடம்பில் தட்டினால் பயம் இறங்குமா?

இலங்கை மலையகத்தில், பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து தங்கச்சி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் அவர்களுடைய லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகள்) பின்னால் மண் இறங்கியது. வீட்டில் எல்லோரும் தப்பிவிட்டார்கள். பக்கத்து லயத்தில் தப்பவில்லை. அன்றிலிருந்து அம்மா சரியாகத் தூங்குவதில்லை. தகரத்தில் நாலு துளி விழுந்தாலே எழும்பி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) போய் நின்றுவிடுகிறார். "நெஞ்சு படபடங்குது, கைகால் வெலவெலத்துப் போகுது" என்கிறார். நடந்ததைப் பற்றிக் கேட்டால் வாய் திறப்பதில்லை. முகத்திலும் நெஞ்சிலும் விரலால் தட்டி மனக்காயத்தை ஆற்றும் முறை ஒன்றை மகள் யூடியூபில் பார்த்திருக்கிறார். டவுனில் ஒருவர் அதையே மூன்று நாள் வகுப்பாக நடத்துகிறாராம், 25,000 ரூபாயாம். "இது உண்மையில் வேலை செய்யுமா அக்கா, இல்லை ஏமாற்றா? அம்மா திரும்பக் கொழுந்தெடுக்க மலைக்குப் போக முடியுமா?" இதுதான் கேள்வி.

நான் ஹட்டன் பக்கம் 15 வருடமாக உளவளத்துணை வேலை செய்கிறவள். முதலில் காசு விசயத்தை முடித்துவிடுகிறேன். அந்த 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். தட்டும் முறை முழுக்க ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். நானே சிலரோடு அதைச் செய்கிறேன். ஆனால் மூன்று நாளில் குணம் என்று யாராவது சொன்னால் அது வியாபாரம். தட்டுவதற்குத் தெரிய வேண்டியதெல்லாம் பத்து நிமிடத்தில் பிடிபடும். அதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு கேள்வி, தங்கச்சி. இப்போது நீங்கள் படுக்கிற இடத்துக்கு மேலே மலை எப்படி இருக்கிறது?

உடற்பயிற்சி, மூச்சுப்பயிற்சி சொல்லித் தருகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கொழும்பிலோ வெளிநாட்டிலோ எழுதப்பட்ட புத்தகத்தில் "ஆபத்து முடிந்துவிட்டது, ஆனால் உடம்புக்கு அது இன்னும் தெரியவில்லை" என்று இருக்கும். நம் பக்கத்தில் அது பாதிப் பேருக்குத்தான் பொருந்தும். கொஸ்லந்தை மீரியபெத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கே லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை எழுப்பி வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அப்படியான ஒரு சரிவுக்குக் கீழே படுத்துக்கொண்டு, மழை இரவில் ஒரு பொம்பளை தூங்காமல் எழும்பி நிற்கிறாள் என்றால் அவளுக்கு நோய் ஒன்றும் இல்லை. அவள் உடம்பு சரியாகத்தான் வேலை செய்கிறது.

அதனால் முதல் வேலை இது. பகலில் மழை விட்ட நேரம் பின்பக்கம் போய்ப் பாருங்கள். தரையில், சுவரில் புதிதாக வெடிப்பு விட்டிருக்கிறதா? கரண்ட் போஸ்டோ மரமோ சாய்ந்திருக்கிறதா? முன்பு இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பியிருக்கிறதா, அல்லது வழக்கமாக வரும் பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கியோ நின்றோ போயிருக்கிறதா? இருந்தால் தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் எழுத்தில் கொடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117-க்கும் சொல்லுங்கள். மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக வரும். சிவப்பு என்றால் பயிற்சி செய்கிற நேரமில்லை, ஓடுகிற நேரம். இடம் ஆபத்தென்றால் அம்மாவின் பயத்தைத் தட்டி இறக்கப் பார்க்காதீர்கள். அந்தப் பயம் உங்களுக்கு வேண்டும்.

இடம் பாதுகாப்பானது, நீங்கள் இப்போது பெரியம்மா வீட்டில் சமதரையில் இருக்கிறீர்கள், ஆனாலும் அம்மா இரவில் எழும்பி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இனி வருவதெல்லாம் அப்படியான அம்மாவுக்கு.

அவர் உடம்பில் நடப்பது என்ன? மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது, அமிக்டலா என்பார்கள். ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. அதற்கு நாள், கிழமை, இடம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தகரத்தில் மழை, ஈரமண் வாசம், எங்கோ நாய் ஊளையிடுவது, இப்படி அந்த இரவோடு ஒட்டிக்கொண்ட ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும், உடம்பில் அட்ரினலின் என்ற அவசரச் சுரப்பைக் கொட்ட வைத்துவிடும். நெஞ்சு அடிக்கும், வயிறு கலங்கும், கால் ஓடத் துடிக்கும். ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் போனால் உடம்பு மரத்துவிடும். நம் ஆட்கள் இதை எத்தனை சரியாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்: ஈரக்குலை நடுங்குது, அடிவயிறு பத்தி எரியுது, கைகால் ஓடல, உடம்பு விறைச்சுப் போச்சு. "எனக்கு மனக்கவலை" என்று சொல்லிக்கொண்டு எந்தத் தோட்டத்து அம்மாவும் என்னிடம் வந்ததில்லை. நெஞ்சு, வயிறு, பிடரி, இதைத்தான் சொல்வார்கள். உடம்பில் இருந்து தொடங்கும் சிகிச்சை நம்மவர்களுக்கு எடுபடுவது அதனால்தான். புரியாத ஒன்றைப் போய்ப் படிக்கத் தேவையில்லை, உடம்பு பேசுகிற பாசை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

சரி, தட்டும் முறை. இதற்கு ஈஎஃப்டி (EFT, உணர்ச்சி விடுதலை உத்தி) என்று பெயர். 1980களில் ரொஜர் கலஹன் என்ற அமெரிக்க உளவியலாளர், சீன மருத்துவத்தின் அக்குபங்சர் புள்ளிகளைத் தட்டினால் பயம் குறையும் என்று ஒரு முறையை உருவாக்கினார். ஒவ்வொரு பயத்துக்கும் ஒவ்வொரு வரிசையில் தட்ட வேண்டும் என்றார். அவரிடம் கற்ற கேரி கிரெய்க் என்பவர் பொறியியல் படித்தவர். எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை போதும் என்று 1990களில் சுருக்கியதுதான் இன்றைக்கு யூடியூபில் ஓடுவது. வரிசை மாறினாலும் பலன் மாறவில்லை என்கிறபோதே, அந்தப் புள்ளிகளுக்கு எவ்வளவு சக்தி என்று யோசிக்க வேண்டியிருக்கிறது அல்லவா?

அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2003-ல் வெளியான கனடிய ஆய்வு ஒன்றில் 119 மாணவர்களைப் பிரித்து, ஒரு குழுவைச் சரியான புள்ளிகளிலும், இன்னொரு குழுவைக் கையில் சம்பந்தமில்லாத இடங்களிலும், மூன்றாவது குழுவை ஒரு பொம்மையின் மீதும் தட்ட வைத்தார்கள். நாலாவது குழு தட்டவில்லை. தட்டிய மூன்று குழுவுக்கும் பயம் குறைந்தது, பொம்மையைத் தட்டியவர்களுக்கும் சேர்த்து! இதை நான் வகுப்பில் சொன்னால் தட்டும் முறையில் பற்றுள்ளவர்களுக்குக் கோபம் வரும். தட்டினால் நோய்க்குறி குறைகிறது என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. போருக்குப் போய் வந்த அமெரிக்கப் படையினரிடம் செய்த ஆய்வில் நல்ல பலன் கிடைத்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் பல சிறியவை, முறையைப் பரப்புகிறவர்களே நடத்தியவை. என் கணக்கு இதுதான்: தட்டுவது உதவுகிறது, உதவுவது புள்ளி இல்லை.

அப்படியானால் எது? பயந்த காரியத்தைக் கொஞ்சம் நினைக்கிறீர்கள். அதே நேரம் விரல் ஒரு தாளத்தில் வேலை செய்கிறது, தோலுக்குத் தொடுகை தெரிகிறது, வாய் ஒரு வார்த்தையைச் சொல்கிறது. மனதுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை கொடுத்தால் நினைவின் காட்சி முழுக் கூர்மையோடு நிற்க முடியாமல் மங்குகிறது. 1987-ல் பிரான்சின் ஷப்பிரோ தொடங்கி வைத்த ஈஎம்டிஆர் என்ற சிகிச்சையில் கண்ணை இடமும் வலமும் ஓட்டுவார்கள், அல்லது கையில் மாறி மாறித் தட்டுவார்கள். அதற்கும் இதே விளக்கம் சொல்லப்படுகிறது. அப்புறம், பயந்ததை நினைத்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்பு நேரில் பார்த்துப் பழகுகிறது. அது சின்ன விசயமில்லை.

இனி செய்வது எப்படி. யூடியூபில் காட்டுகிற வரிசை இது: சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையின் ஓரம், புருவம் தொடங்கும் இடம், கண்ணின் வெளி ஓரம், கண்ணுக்குக் கீழ் எலும்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடு, கீழுதட்டுக்கும் நாடிக்கும் நடு, காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, கக்கத்துக்கு நாலு விரல் கீழே, உச்சந்தலை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்தாறு தட்டு. தொடங்கும்போது பயம் பத்தில் எத்தனை என்று ஒரு எண் சொல்ல வேண்டும். "எனக்கு இந்தப் பயம் இருந்தாலும் என்னை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் திரும்ப எண் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அந்த 25,000 ரூபாய் வகுப்பு.

இதை அப்படியே ஒரு கொழுந்தெடுக்கும் அம்மாவிடம் கொண்டுபோனபோது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான்கைந்து பேரைப் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) உட்கார வைத்திருந்தேன். விரல் நுனியால் தட்டுங்கள் என்றேன். ஒரு அக்கா இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கையைத் திருப்பிக் காட்டினார். 30 வருடம் கொழுந்து கிள்ளிய விரல். சாயம் ஏறிக் கறுத்து, நுனியெல்லாம் வெடிப்பு. தட்டினால் எரியத்தானே செய்யும்? உச்சந்தலை என்றதும் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். கூடைக் கயிறு அழுத்துகிற இடம் அது, தொட்டாலே வலி. கக்கம் என்றதும் ஒருத்தி சிரிக்க ஆரம்பித்து எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கு நடந்த சிகிச்சையில் உருப்படியானது அந்தச் சிரிப்புதான் என்று இப்போதும் நினைக்கிறேன். "என்னை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்" என்ற வரியை யாராலும் நாக்குக் கூசாமல் சொல்ல முடியவில்லை. "அது என்னாத்த ஏத்துக்கிறது டீச்சர்?" என்று கேட்டார்கள். பத்தில் எத்தனை என்பதும் ஓடவில்லை.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டேன். நீங்களும் அம்மாவோடு இப்படிச் செய்து பாருங்கள். எண் கேட்காதீர்கள், கூடை நிறைஞ்சிருக்கா, அரைக்கூடையா, அடிக்கூடையா என்று கேளுங்கள். உடனே பதில் வரும். விரல் நுனிக்குப் பதில் விரல்களைச் சேர்த்து, அந்தத் தட்டைப் பகுதியால் தட்டட்டும். காறை எலும்புக்குக் கீழே, இரண்டு தோளிலும், பிறகு மடியில் தொடையின் மேல். இந்த மூன்று இடம் போதும், முகம் தேவையில்லை. தாளம் மெதுவாக இருக்கட்டும், பிள்ளையைத் தட்டித் தூங்க வைக்கிற வேகம். சொல்வதற்கு அம்மாவுக்கே ஒரு வரி கிடைக்கும். அந்த அக்காமாரில் ஒருத்தி கண்டுபிடித்த வரி: "பயமாத்தான் இருக்கு. ஆனா இப்ப நான் அக்கா வீட்டு இஸ்தோப்புல இருக்கேன்." இதைவிட நல்ல வரி எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. பயத்தை மறுக்கவில்லை, எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதையும் விடவில்லை.

எதை நினைத்துக்கொண்டு தட்டுவது என்பதில்தான் கவனம் வேண்டும். மண் இறங்கிய அந்த நிமிடத்தை நினைக்கச் சொல்லாதீர்கள். அது பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்கும்போது செய்கிற வேலை. வீட்டில் நீங்கள் எடுக்க வேண்டியது சின்னத் துண்டு: பகலில் மேகம் கறுக்கிறது, அவ்வளவுதான். அடிக்கூடைக்கு இறங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இறங்காமல் ஏறினால் உடனே விட்டுவிட்டு, பீலியில் முகம் கழுவி, சாயத் தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள்.

இரவுக்கு வேறொன்று இருக்கிறது, எனக்கு இதுதான் பிடித்தது. 1997-ல் மெக்சிக்கோவின் அக்காபுல்கோவைப் பொலின் சூறாவளி அடித்தது. வெள்ளமும் மண்சரிவும், நம்மைப் போலவேதான். அங்கே பிழைத்த பிள்ளைகளோடு வேலை செய்தபோது லூசினா ஆர்த்திகாஸ் என்பவர் ஒரு எளிய முறையைக் கண்டுபிடித்தார். வண்ணத்துப்பூச்சி அணைப்பு என்பார்கள். இரண்டு கையையும் நெஞ்சின் மேல் குறுக்காக வைத்து, விரல்கள் காறை எலும்புக்குக் கீழே படும்படி, இடம் வலம் என்று மாறி மாறி மெல்லத் தட்ட வேண்டும். படுத்துக்கொண்டே செய்யலாம். யாரும் பார்த்தால் குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். லயத்துக் காம்பராவில் ஆறு பேர் படுக்கும்போது அது முக்கியம். கூடவே மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயம் இயல்பாகவே கொஞ்சம் மெதுவாகும். அதை நீட்டிக்கொள்கிறோம், அவ்வளவே. கனமான கம்பளி இருந்தால் போர்த்திக்கொடுங்கள். மழைக்கு மலையில் போட்டுக்கொள்கிற கம்பளியின் பாரம் சிலருக்கு நிம்மதி தருகிறது, சிலருக்கு மண்ணின் பாரத்தை ஞாபகப்படுத்துகிறது. கேட்டுவிட்டுப் போர்த்துங்கள்.

இங்கே என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். மீரியபெத்தைச் சரிவுக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்த முகாமில் போய், புதிதாகப் படித்த ஆர்வத்தில், எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து "கண்ணை மூடுங்கள், உடம்பைக் கவனியுங்கள்" என்றேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. பின்வரிசையில் ஒருவர் எழும்பிக் கதவுப் பக்கம் பாய்ந்தார். கால் தட்டி வாங்கு ஒன்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகள் அலறினார்கள். கண்ணை மூடினால் உள்ளே இருப்பது இருட்டும் மண்ணும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. உடம்பைக் கவனிப்பது எல்லோருக்கும் ஆறுதல் இல்லை. அம்மாவிடம் கண்ணை மூடச் சொல்லாதீர்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பி, கதவு எங்கே, விளக்கு எங்கே, யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பேர் சொல்லட்டும். பாதத்தைத் தரையில் அழுத்தட்டும். சுவரில் உள்ளங்கையை வைத்துத் தள்ளிப் பார்க்கட்டும். ஓடத் துடிக்கிற காலுக்கும் கைக்கும் ஒரு வேலை வேண்டும்.

இதெல்லாம் ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது போல எழுதிக்கொண்டு போகிறேன், ஆனால் நமக்கும் இருந்தது. பிள்ளை பயந்துவிட்டால் ஆத்தாமார் என்ன செய்தார்கள்? பூசாரியிடம் கொண்டுபோய்ப் பார்வை பார்த்து, வேப்பிலையால் தலையிலிருந்து கால் வரைக்கும் தடவி இறக்கி, துன்னூறு போட்டு, கையில் கயிறு கட்டினார்கள். பழகிய ஆள், பழகிய வார்த்தை, தாளத்தோடு ஒரு தொடுகை, "இனி ஒண்ணும் இல்ல" என்ற உறுதி. சாவு வீட்டில் பொம்பளைகள் தோளில் கைபோட்டு வட்டமாகக் குந்தி ஒப்பாரி வைத்து மாரடிப்பார்கள். வெளியே தப்பு அடிக்கும். துக்கத்தைத் தனியாக நெஞ்சுக்குள் பூட்டி வைக்க அந்த ஊர் விட்டதில்லை. மண்சரிவில் உடல் கிடைக்காதவர்களின் வீடுகளில் இதுவும் நடக்கவில்லை. என்னிடம் வருகிறவர்களில் கடினமாக இருப்பது அந்த வீட்டுக்காரர்கள்தான். பக்கத்து லயத்து ஆட்களுக்கு அம்மா அழுதாரா என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கேட்டுப் பாருங்கள்.

பூசாரியிடம் போவதை நான் தடுப்பதில்லை. மிளகாய்ப் புகை போடுவது, சாட்டையால் அடிப்பது, ஆயிரக்கணக்கில் காசு கேட்பது என்று போனால் எழும்பி வந்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலம் முழுக்க வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் சாந்தியாசனம், மூச்சுப்பயிற்சி, அவரவர் சமயத்து மந்திர செபம் என்று ஆட்கள் ஏற்கெனவே அறிந்தவற்றைத்தான் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார்.

நம் நாட்டில் நடந்த ஆய்வொன்று எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். 2004 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில், போரையும் சுனாமியையும் சேர்த்துக் கண்ட 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு பட்டதைத் தொடக்கத்திலிருந்து கதையாகச் சொல்லிக் கோத்தது. மற்றக் குழு தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தது. இரண்டுக்கும் ஆறே அமர்வு, நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தமிழர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்ன குழுவில் 81 சதவீதமும் தளர்வுக் குழுவில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் வாயைத் திறக்காத உங்கள் அம்மாவுக்கு நான் அவசரப்படாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பேசினால்தான் ஆறும் என்று அவரை நெருக்காதீர்கள்.

இன்னொன்று, நெஞ்சு படபடப்பு எல்லாம் பயத்தால்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச்சோகை நிறைய. இரத்தம் குறைந்தாலும் படபடக்கும், மூச்சு வாங்கும், கால் சோரும். தைரொயிட் சுரப்பிக் கோளாறும் இதே ஆட்டம் போடும். முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள். நெஞ்சு வலி கை, தாடை என்று பரவி வியர்த்துக் கொட்டினால் தட்டிக்கொண்டிருக்காமல் 1990-க்கு எடுத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

ஒரு மாதம் வரைக்கும் தூக்கமின்மையும் திடுக்கிடுவதும் பலருக்கும் இருக்கும். பெரும்பாலானோருக்குத் தானாகவே இறங்கிவிடும். அம்மாவுக்கு அந்தக் காலம் எப்போதோ தாண்டிவிட்டது. அதனால் வீட்டுப் பயிற்சியோடு நிறுத்தாமல் பதுளை ஆஸ்பத்திரியிலோ தியத்தலாவையிலோ மனநலக் கிளினிக் எந்த நாளில் என்று கேட்டுக்கொண்டு கூட்டிப்போங்கள். நெருக்கீட்டுக்குப் பிந்திய நோய்க்கு, அதாவது இப்படியான அதிர்ச்சிக்குப் பிறகு இறங்காமல் நிற்கும் பயத்துக்கு, உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்தவற்றில் முக்கியமானவை இரண்டு: அந்த நினைவை மையமாக வைத்துச் செய்யும் சிந்தனை நடத்தைச் சிகிச்சை, மற்றது நான் மேலே சொன்ன ஈஎம்டிஆர். தட்டும் முறை அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டும் தெரிந்தவர் உங்கள் பக்கத்தில் கிடைப்பது லேசில்லை என்பது எனக்குத் தெரியும். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருந்தால் அங்கே தொடங்குங்கள். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

கிளினிக்கில் மொழி ஒரு தொல்லை. "ஈரக்குலை நடுங்குது" என்பதை மொழிபெயர்க்கிறவர் "வயிற்று வலி" என்று சொல்லி, அல்சருக்கு மருந்தோடு திரும்பிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று சட்டத்தில் இருக்கிறது. வரிசையில் நிற்கும்போது அது உதவாது. ஒரு கடதாசியில் நாலே விசயம் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த நாளில் என்ன நடந்தது, இரவில் எத்தனை தரம் எழும்புகிறார், எதைக் கண்டால் வருகிறது, எதைத் தவிர்க்கிறார். சிங்களம் தெரிந்த பெரியவர் யாரையாவது கூட்டிப்போங்கள். தம்பி தங்கச்சிமாரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவர்களும் அந்த இரவில் அங்கேதான் இருந்தார்கள்.

தூக்க மாத்திரையைப் பக்கத்து வீட்டில் வாங்கிப் போடுவதும், அப்பாவின் போத்தலிலிருந்து "கொஞ்சம் குடி, தூக்கம் வரும்" என்பதும் வேண்டாம்.

கடைசியாக, மலைக்குத் திரும்பப் போகலாமா என்ற கேள்வி. போகலாம், போகத்தான் வேண்டும், ஆனால் ஒரே நாளில் முழுப் பேர் (முழு நாள் வேலை) போடப் போக வேண்டாம். வெயில் உள்ள நாளாகப் பார்த்து முதலில் கொழுந்து மடுவம் வரைக்கும் நீங்கள் கூடப் போங்கள். நிறுவை நடக்கிற இடத்தில் ஆட்களோடு கதைத்துவிட்டுத் திரும்பி வரட்டும். அடுத்த முறை சரிவு தெரியாத பக்கத்து மலையில் அரை நாள். கங்காணியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், எந்த நிரையில் விடுவது என்று அவரால் பார்த்துக் கொடுக்க முடியும். எங்கள் பக்கத்து அக்கா ஒருவர் இப்படித்தான் தொடங்கினார். இப்போது முழு நாளும் போகிறார். மழை இருட்டினால் மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தோளைத் தட்டிக்கொண்டு மேலே மலையை ஒரு தரம் பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் திரும்பக் குனிவார். அவரிடம் அதையும் விடச் சொல்லி நான் கேட்டதில்லை.